எயார் ரைபிள் வாங்குமுன்: கொழும்பில் குறிசுடப் பழகுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எயார் ரைபிள் என்பது வெடிமருந்தால் அல்லாமல் அமுக்கிய காற்றாலோ வாயுவாலோ குண்டைத் தள்ளும் துவக்கு. அதை விற்பவர்கள் முதலில் சொல்வது வேகத்தைத்தான். "செக்கனுக்கு 1200 அடி" என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். வாங்க வந்தவரும் அதைப் பார்த்து மயங்கிவிடுவார். குறிசுடப் பழகுகிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஒலிம்பிக் போட்டியில் பதக்கம் வென்று தரும் ரைபிளிலிருந்து புறப்படும் குண்டு அதில் பாதி வேகத்தைக்கூட எட்டுவதில்லை.

ஆகவே துவக்கைப் பற்றிப் பேசுமுன் மூன்று விடயங்களைத் தீர்த்துக்கொள்வோம். சட்டம் எதற்கு இடம் தருகிறது, எதைச் சுடப்போகிறீர்கள், எங்கே நின்று சுடப்போகிறீர்கள். இவை தெளிவானால் கடையில் உள்ள ரைபிள்களில் முக்கால்வாசி தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

படி 1: காசைக் கொடுக்குமுன் சட்டத்தைக் கேளுங்கள்

இலங்கையில் துப்பாக்கிகளுக்கான அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பின்னர் அது திருத்தப்பட்டிருக்கிறது. சுற்றறிக்கைகளும் அவ்வப்போது மாறுகின்றன. "வெடிமருந்து இல்லாத துவக்குக்கு அனுமதி எதற்கு?" என்று விற்பவர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு பொலிஸ் நிலையத்தில் பதில் சொல்லப்போவது அவரல்ல, நீங்கள். வாங்க நினைக்கும் ரைபிளின் மாதிரிப் பெயர், குழலின் விட்டம், அதன் சக்தி ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்து, பாதுகாப்பு அமைச்சிலும் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் விசாரியுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் இன்னும் கவனம் தேவை. ஒரு நாட்டில் சாதாரணப் பொருளாக விற்கப்படுவது அடுத்த நாட்டில் துப்பாக்கியாகக் கணக்கிடப்படும். இங்கிலாந்தில் குண்டின் சக்தி 12 அடி-இறாத்தல், அதாவது சுமார் 16.3 யூல் வரை இருந்தால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கலாம். ஜேர்மனியில் அந்த எல்லை 7.5 யூல். கனடாவில் செக்கனுக்கு 152.4 மீற்றர் வேகம், 5.7 யூல் சக்தி ஆகிய இரண்டையும் தாண்டினால் அது சட்டப்படி துப்பாக்கி. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 20 யூலையும் 4.5 மில்லிமீற்றர் விட்டத்தையும் எல்லையாக வைத்திருக்கின்றன. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வரும் சித்தப்பா "அங்கே கடையில் சும்மா தொங்குகிறது" என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். கட்டுநாயக்க சுங்கத்தில் அந்த உண்மை செல்லாது.

படி 2: வேட்டையா, குறியா?

இந்த இரண்டையும் ஒரே ரைபிளில் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டின் தேவைகளும் எதிரெதிரானவை. குறிசுடுவதற்குக் குறைந்த சக்தி, மிக மென்மையான விசை (சுடும்போது விரலால் அழுத்துவது), கனமான உடல் வேண்டும். வேட்டைக்குக் கூடிய சக்தி, தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய எடை, கையுறைக்குள்ளும் தவறுதலாக அமுங்காத விசை வேண்டும்.

கொழும்பில் இருப்பவருக்கு நான் தரும் ஆலோசனை ஒன்றுதான்: வேட்டையை மறந்துவிடுங்கள். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்நாட்டின் பெரும்பாலான காட்டுயிர்களும் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை. விதிவிலக்குகள் அட்டவணையில் உள்ளவை மட்டும். நகரத்துக்குள் இருக்கிறோம், இங்கே என்ன காடு என்று கேட்கவும் முடியாது. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையும் பெல்லன்வில–அத்திடியவும் சரணாலயங்கள். அங்கே வீடு கட்டிக் குடியிருக்கும் பலருக்கே தங்கள் கொல்லைப்புறம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பது தெரியாது. வன்னியில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் குரங்குத் தொல்லைக்காகக் கேட்டால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேட்டுவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள். குறைந்த சக்தியுள்ள குண்டு குரங்கை விரட்டுவதில்லை. அதைக் காயப்படுத்திப் பல நாள் வதைத்துக் கொல்கிறது.

சட்டம் இடம்தரும் நாடுகளில் முயல், புறா வேட்டைக்காக ரைபிள் தேடும் வாசகருக்கு மட்டும் சில வரிகள். 12 அடி-இறாத்தல் சக்தியில் 5.5 மில்லிமீற்றர் குண்டு ஏறத்தாழ 1 கிராம் எடையோடு செக்கனுக்குச் சுமார் 180 மீற்றர் வேகத்தில் போகும். அதே சக்தியில் 0.55 கிராம் எடையுள்ள 4.5 மில்லிமீற்றர் குண்டு 240 மீற்றர் வேகத்தை எட்டும். முன்னது அதிகம் வளைந்து விழும், ஆனால் பட்ட இடத்தில் கூடிய சேதம் செய்யும். பின்னது நேராகப் போகும், தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் ஓரளவு மன்னிக்கும். எதை எடுத்தாலும் விதி ஒன்று: வேட்டையில் நிற்கும் நிலையிலேயே நின்று, 25 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் தொடர்ந்து ஐந்து குண்டுகளைப் போட முடிகிற தூரம்தான் உங்கள் எல்லை. சிலருக்கு அது 30 மீற்றர், பலருக்கு 15. துவக்கின் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அந்தத் தூரத்துக்கு அப்பால் உயிருள்ள எதையும் நோக்கி விசையைத் தொடக்கூடாது.

இனி குறிசுடுதல் மட்டும்.

படி 3: எங்கே நின்று சுடுவீர்கள்?

சர்வதேசப் போட்டியின் தூரம் 10 மீற்றர். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் வரவேற்பறை வாசலிலிருந்து குசினிச் சுவர் வரை அளந்தாலும் அவ்வளவு வராது. கொட்டாஞ்சேனை வீடுகளில் நடை நீளமாக இருக்கும், ஆனால் நடுவில் யாராவது கதவைத் திறந்து வருவார்கள். மதிலோடு மதில் ஒட்டிய ஒழுங்கைகளில் முற்றத்தில் நின்று சுடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குறி தவறிய குண்டு நூற்றுக்கணக்கான மீற்றர் போகும்; பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர் அதற்குள்தான் இருக்கிறார்.

சரியான வழி, சுடுதளம் உள்ள கழகம் ஒன்றில் சேர்வது. இலங்கையின் தேசியத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தைத் தொடர்புகொண்டு, புதியவர்களைச் சேர்க்கும் கழகங்கள் எவை என்று கேளுங்கள். எயார் ரைபிள் அணி வைத்திருக்கும் பாடசாலைகளும் உண்டு. பிள்ளைக்காக வாங்க நினைக்கும் பெற்றோர் முதலில் அங்கே விசாரிக்கலாம். கழகத்தில் சேர்வதன் பெரிய நன்மை, வாங்காமலே பல ரைபிள்களைத் தோளில் வைத்துப் பார்க்கலாம் என்பது. சட்ட விடயங்களில் அனுபவப்பட்டவர்களும் அங்கேதான் கிடைப்பார்கள்.

இந்த விளையாட்டு நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டாம். 2021 யூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்களுக்கான 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் இலங்கையின் தெஹானி எகொடவெலவும், கடலூரில் பிறந்து இந்தியாவுக்காக ஆடிய இளவேனில் வாலறிவனும் ஒரே களத்தில் நின்றார்கள். இருவரும் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அந்தப் போட்டியில் சீனாவின் யாங் சியான் வென்றதுதான் அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கம்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியும் உண்டு. நல்ல போட்டி ரைபிள்களில் குண்டும் காற்றும் இல்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகும் அமைப்பு இருக்கும். பத்து மீற்றர் இலக்கை ஐம்பது வீதமாகச் சுருக்கிப் பிரதியெடுத்து ஐந்து மீற்றரில் ஒட்டினால் கண்ணுக்கு அதே அளவாகத் தெரியும். சத்தமில்லை, குண்டில்லை, பக்கத்து வீட்டாருக்கும் பிரச்சினையில்லை. முன்னணி வீரர்களும் இப்படித்தான் மணிக்கணக்கில் பழகுகிறார்கள். ஆனால் அடுத்த படியில் வரும் விற்சுருள் (ஸ்பிரிங்) ரைபிளில் இதைச் செய்யாதீர்கள். குண்டின் தடை இல்லாமல் பிஸ்டன் முழு வேகத்தில் மோதி அடைப்பு வளையம் சிதையும்.

படி 4: காற்று எங்கிருந்து வருகிறது?

தெரிவின் மையம் இதுதான். நான்கு வகைகள் உண்டு. கொழும்பின் வெயிலும் கடற்காற்றும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக நடத்துகின்றன.

விற்சுருள் வகையே மலிவானது, எங்கும் கிடைப்பது. குழலை மடித்தோ பக்கத்து நெம்புகோலை இழுத்தோ சுருளை அமுக்குகிறோம். விசையை அழுத்தியதும் சுருள் பிஸ்டனைத் தள்ளி, முன்னால் உள்ள காற்றை நெருக்குகிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே உதைக்கும். பிஸ்டன் நின்றதும் முன்னே துள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறுமுன் இவ்வளவும் நடந்துவிடுகிறது. ஆகவே இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் குண்டு போகும். முன் கையை விரித்து, உள்ளங்கையில் ரைபிளைச் சும்மா கிடத்தி, அதன்போக்கில் துள்ள விடவேண்டும். பழக நாளாகும். பழகிவிட்டால் வேறெந்த ரைபிளும் சுலபமாகத் தோன்றும். இந்த வகையில் வைராக் எச்டபிள்யூ 30 போன்ற குறைந்த சக்தி மாதிரிகள் புதியவருக்கு நல்லவை. பலசாலியான பெரிய விற்சுருள் ரைபிள்களை விட்டு ஒதுங்குங்கள். சுருளுக்குப் பதிலாக நைதரசன் அடைத்த உருளை வைத்தவையும் வருகின்றன. அவற்றில் அதிர்வு குறைவு, ஆனால் துள்ளல் குறைவதில்லை.

காபனீரொட்சைட்டுக் குப்பி வகை கொழும்புக்குப் பொருந்தாது. அந்த வாயுவின் அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது: 20 பாகையில் சுமார் 57 பார் (அமுக்கத்தின் அலகு), 30 பாகையில் 72 பார். காலையில் குளிரூட்டிய மண்டபத்தில் சரிசெய்த குறி, மத்தியானம் திறந்த கொட்டகையில் மேலே ஏறிவிடும். வேகமாகத் தொடர்ந்து சுட்டால் குப்பி குளிர்ந்து குறி கீழே இறங்கும். இந்த வாயுவின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் அது திரவமாக இருக்க முடியாத எல்லை, 31 பாகை. நம் ஊர் நண்பகல் அதைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. மாரி, கோடை என்று ஒரே துவக்கோடு இரண்டு விதமாகப் போராட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஒரே தடவை நெம்புகோலை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை இப்போது அதிகம் தயாரிக்கப்படுவதில்லை. நான் இதன் பக்கம்தான். பெயின்வெர்க்பாவ் 600 வரிசை, வால்தர் எல்ஜிஆர் போன்ற பழைய போட்டி ரைபிள்கள் இவ்வகை. உதைப்பு இல்லை, காற்று நிரப்பிய தாங்கி வேண்டாம், பம்பி வேண்டாம், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்று. கழகத்தில் யாராவது விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அடைப்பு வளையங்கள் மாற்றப்பட்டவையா என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு தயங்காமல் பாருங்கள். ஐம்பது வயதை நெருங்கிய ரைபிள்களில் இரும்பு புதிதுபோல இருக்கும், உள்ளே ரப்பரும் பிளாஸ்டிக்கும் பொடியாக உதிர்ந்திருக்கும்.

முன்கூட்டியே அமுக்கிய காற்றுத் தாங்கி உள்ள வகையே இன்றைய போட்டிகளை ஆள்கிறது. பெயின்வெர்க்பாவ், வால்தர், அன்சூட்ஸ், ஸ்டெயர், பார்டினி எல்லாம் இப்போது இதைத்தான் செய்கின்றன. தாங்கியை 200 பார் வரை நிரப்பினால் நூறுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சீராகச் சுடலாம். நிரப்புவதற்கு இரண்டு வழிகள். கைப்பம்பி, சைக்கிள் பம்பியைப் போல நின்றபடி அமுக்குவது. கடைசி ஐம்பது பாருக்கு உடம்பின் பாரம் முழுவதையும் போடவேண்டியிருக்கும். அல்லது கடலடி நீச்சல் பயிற்சி நிலையங்களில் சுழியோடிகளின் தாங்கியிலிருந்து நிரப்பலாம். பொருத்தும் இணைப்பு உங்கள் ரைபிளுக்குரியதா என்று முதலே பாருங்கள். கைப்பம்பியில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாவிட்டால் கொழும்பின் ஈரப்பதன் தண்ணீராகத் தாங்கிக்குள் போய்த் தங்கும்.

ஒட்சிசன் தாங்கியிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உயர் அமுக்க ஒட்சிசன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் வெடிக்கும். "ஒட்டுவேலைக் கடையில் மலிவாக நிரப்பித் தருகிறார்கள்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள்.

படி 5: விட்டமும் சக்தியும்

குறிசுட 4.5 மில்லிமீற்றர். இதில் தெரிவே இல்லை, போட்டி விதியும் அதுதான். போட்டி ரைபிளின் சக்தி ஏறத்தாழ 7.5 யூல். 0.53 கிராம் குண்டு செக்கனுக்குச் சுமார் 170 மீற்றரில் போகும். பத்து மீற்றருக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும் குண்டு காற்றில் தள்ளாடிக் குறியை இழக்கிறது. பெட்டியில் உள்ள 1200 அடிக் கணக்கு பெரும்பாலும் ஈயமில்லாத, யாரும் குறிசுடப் பயன்படுத்தாத இலேசான குண்டை வைத்து எடுத்தது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பத்து மீற்றர் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் மையம் அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு பொட்டு. குண்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. அதாவது குண்டின் மையம் 2.5 மில்லிமீற்றருக்குள் விழவேண்டும். தசமக் கணக்கில் ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, அறுபது குண்டுகளுக்கு 654. இந்த விளையாட்டில் மனிதர்கள் தோற்பது சக்தி போதாமல் அல்ல, அரை மில்லிமீற்றர் ஆடியதால்.

படி 6: தோளில் வைத்துப் பாருங்கள்

கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் பொருத்துங்கள். வசதியாக இருக்கிறது என்று தோன்றியதும் கண்ணைத் திறங்கள். கண் நேராகக் குறிகாட்டிக்குள் பார்த்தால் பிடங்கு (தோளில் பதியும் பின்பகுதி) உங்களுக்குப் பொருந்துகிறது. கழுத்தை நீட்டியோ கன்னத்தைத் தூக்கியோ சரிசெய்யவேண்டியிருந்தால் அந்த ரைபிள் உங்களுக்கல்ல. பின்பலகை, கன்னப்பலகை இரண்டையும் நகர்த்தக்கூடிய மாதிரி என்றால் பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு எடை. போட்டி விதி 5.5 கிலோகிராம் வரை இடம் தருகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு வேண்டாம். இளையோருக்கான இலேசான மாதிரிகள் இருக்கின்றன. நின்ற நிலையில் ஒரு நிமிடம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். முப்பதாவது செக்கனில் இடுப்பு வளைந்தால் கனம் கூடிப்போய்விட்டது. இடக்கையர் எனில் வலக்கைப் பிடங்கை "பழகிக்கொள்ளலாம்" என்று வாங்க வேண்டாம்.

விசையை அமுக்கிப் பாருங்கள். முதல் கட்டம் மென்மையாக வந்து ஒரு சுவரில் முட்டவேண்டும். அதன்பின் சிறு அழுத்தத்தில் விடுபடவேண்டும். இழுத்துக்கொண்டே போய் எப்போது சுடும் என்று தெரியாத விசை எந்த விலைக்கும் வேண்டாம். நான் ஒரு ரைபிளைத் தள்ளிவைக்க வேறு காரணம் தேடுவதில்லை.

பழைய தாங்கி வகை எனில், அமுக்கமானியின் அளவைக் குறித்துக்கொண்டு ஓரிரவு வைத்துப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் கசிவு. தாங்கியில் பொறித்த திகதியையும் படியுங்கள்: போட்டி விதிகளின்படி தாங்கியின் ஆயுள் அதிகபட்சம் பத்து ஆண்டுகள். மலிவாகக் கிடைத்த ரைபிளில் காலாவதியான தாங்கி இருந்தால் புதிய தாங்கியின் விலையையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

படி 7: குறிகாட்டி

பத்து மீற்றர் போட்டியில் தொலைநோக்கிக்கு இடமில்லை. பின்னால் சிறு துளை, முன்னால் வளையம், நடுவில் கறுப்பு வட்டம். தொலைநோக்கி பொருத்தி ஓய்வு நேரத்தில் சுடுவதானால் பத்து மீற்றர்வரை தெளிவாகக் குவியக்கூடியதா என்று கேளுங்கள். பெரிய துப்பாக்கிகளுக்கான தொலைநோக்கிகள் தூரத்துக்கே அமைக்கப்பட்டவை. விற்சுருள் ரைபிளின் இருபக்கத் துள்ளல் அவற்றின் உள்வில்லைகளைக் கழற்றியும்விடும்.

படி 8: குண்டு

தட்டைத் தலைக் குண்டுதான் காகிதத்தில் வட்டமான துளை போடும். பத்து மீற்றருக்கு அதுவே. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மாட்ச் போன்றவை பலரும் பயன்படுத்துவன. ஒரே வகையிலும் தலையின் விட்டம் 4.49, 4.50 என்று வேறுபடும். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். இரண்டு மூன்று வகைகளில் சிறு டப்பா வாங்கி, ரைபிளை மேசையில் ஊன்றி வைத்து ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். துளைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ அதையே மொத்தமாக வாங்குங்கள். குண்டுகள் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் தேநீரைத் தொடக்கூடாது. பிள்ளைகளிடம் இதில் கண்டிப்பாக இருங்கள். கண்ணாடி அணியாமல் யாரையும் சுடுமிடத்தில் நிற்கவிடாதீர்கள்.

படி 9: கொண்டு போவதும் வைத்திருப்பதும்

நீளமான துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுவது இந்த நகரத்தில் புத்திசாலித்தனம் அல்ல. ஏன் என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பூட்டக்கூடிய கடினப் பெட்டி, அதற்குள் காலியான ரைபிள், தனிப்பையில் குண்டு, சட்டைப்பையில் கழக அட்டையும் அனுமதி ஆவணங்களின் பிரதிகளும். முடிந்தால் வாடகைக் கார்.

வீட்டில் பூட்டிய அலுமாரி. சாவி பிள்ளைக்கு எட்டாத இடத்தில். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ஒரு மாதத்திலேயே குழலின் வெளிப்புறத்தில் செந்நிறப் புள்ளிகளைக் கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் சுட்டு முடித்தபின் வியர்வைபட்ட உலோகப் பகுதிகளை எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதி வையுங்கள். அமுக்க அறைக்குள் எண்ணெய் போகக்கூடாது; விற்சுருள் ரைபிளில் அது எரிந்து வெடிச்சத்தம் கொடுக்கும், அடைப்பு வளையமும் கெடும். தாங்கி வகையில் வெளியே தெரியும் வளையங்களுக்குச் சிலிக்கன் பசை மட்டும் போதும், அதுவும் தடவியது தெரியாத அளவுக்கு.